விதையையும் காயப்போட்ட காலாண்டு: பாக் விரிகுடாக் கரையில் ஒரு ஸ்கோர்கார்டு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று நீளும் வடகடல் (பாக் விரிகுடா) கரையில், கடல்பாசி வளர்க்கும் பெண்கள் சேர்ந்து தொடங்கிய ஓர் உற்பத்தியாளர் நிறுவனம். உறுப்பினர்கள் வளர்த்துக் காயவைத்த பாசியை எடைபோட்டு வாங்குவது, யார்டில் சுத்தம் செய்து மூட்டை கட்டுவது, ஆலைக்கு லாரி ஏற்றுவது, இவ்வளவுதான் தொழில். பெயரும் ஊரும் வேண்டாம் என்று இயக்குநர்கள் கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். அவர்களுடைய கணக்கு வழக்கைப் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில், பணக்கணக்கோடு வேறு அளவுகளையும் சேர்த்து எழுதும் ஸ்கோர்கார்டு என்ற அட்டையால் அங்கே நடந்த மாற்றத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது.

பிரச்சினை ஒரு நல்ல செய்தியாகத்தான் வந்தது. ஒரு காலாண்டில் விற்பனை அதுவரை இல்லாத உயரத்துக்குப் போயிருந்தது. செலவு பெரிதாகக் கூடவில்லை. வங்கி மேலாளரிடம் தைரியமாக நீட்டக்கூடிய லாப நட்டக் கணக்கு. இயக்குநர் கூட்டத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்புறம் வாடைக்காற்றுக் காலம் வந்து போனது. ஜனவரியில் மறுபடி மிதவை இறக்கப் பார்த்தால் கட்டுவதற்கு விதை, அதாவது மறுபடி வளரவிடும் பாசித் துண்டு, இல்லை. வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்கினார்கள். வந்து சேர்வதற்குள் அதில் கணிசமான பங்கு வெளுத்துவிட்டது. மூங்கில் மிதவைகள் கரையில் வெறுமனே கிடந்தன. போதாக்குறைக்கு, போன பருவத்துச் சரக்கில் ஈரமும் மணலும் அதிகம் என்று ஆலை எடையைக் கழித்துவிட்டது.

அந்த நல்ல காலாண்டுதான் இந்தக் கெட்ட பருவத்தைக் கொண்டுவந்தது. எப்படி என்று புரிய ஒரு மிதவையின் கணக்கு தெரிய வேண்டும்.

ஒரு மிதவை, 45 நாள்

மிதவை 12 அடிக்கு 12 அடி. குறுக்கே 20 கயிறு. ஒரு கயிற்றில் 20 இடத்தில் விதைத் துண்டு கட்டுவார்கள். துண்டு ஒன்று ஏறக்குறைய 150 கிராம். ஆக 400 துண்டு, 60 கிலோ விதை. 45 நாள் கழித்து எடுத்தால், கடல் ஒத்துழைத்தால், சராசரியாக 260 கிலோ பச்சைப் பாசி கிடைக்கும். அதில் நல்ல நுனிகளாகப் பார்த்து 60 கிலோவை அன்றே மறுபடி கட்டிவிட வேண்டும். மீதி 200 கிலோ வெயிலில் காய்ந்தால் பத்தில் ஒரு பங்காகி 20 கிலோவில் நிற்கும். ஒருவருக்கு 45 மிதவை என்பது இந்தக் கரையில் ஊன்றிவிட்ட முறை. நாளுக்கு ஒன்றை அறுத்து நாளுக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டே போனால், 45 மிதவையும் முடிந்து முதல் மிதவைக்கு வரும்போது அது அறுப்புக்குத் தயாராக இருக்கும்.

இப்போது அந்த 60 கிலோ விதையையும் சேர்த்துக் காயப்போட்டால் என்ன ஆகும்? 20 கிலோ, 26 கிலோ ஆகும். விற்பனையில் 30 சதவீத உயர்வு, ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல். விதை கயிற்றில் இருக்கும்வரை நிறுவனத்தின் ஐந்தொகையில் அது இல்லை. உறுப்பினரின் கையில், கடலில் இருக்கிறது. காய்ந்து மூட்டைக்குள் போன பிறகுதான் கணக்குப் புத்தகத்துக்குத் தெரியும், அதுவும் வரவாக. அந்தக் காலாண்டில் விலை நன்றாக இருந்தது. பருவம் முடிகிற நேரம். எப்படியும் வாடையில் மிதவையைக் கரையேற்றத்தானே போகிறோம் என்று பலரும் கடைசி அறுப்பில் எல்லாவற்றையும் காயப்போட்டுவிட்டார்கள்.

விதைத்த நெல்லை மழையிரவில் வாரிவந்து அடியாருக்கு அமுது படைத்த இளையான்குடி மாறநாயனாரின் ஊர் இங்கிருந்து வெகுதூரமில்லை. அவர் தெரிந்தே செய்தார். இங்கே விதை போனது யாருடைய கணக்கிலும் விழாமல் போனது.

அடுத்தது நாள் கணக்கு. 60 கிலோ 45 நாளில் 260 கிலோ ஆவது சீரான வேகத்தில் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், 30-ஆம் நாள் மிதவையில் சுமார் 160 கிலோ இருக்கும். அன்றே அறுத்தால் விதை போக 100 கிலோ. பொறுத்திருந்தால் 200. அதாவது அறுவடையின் சரிபாதியைக் கடைசி 15 நாள்தான் தருகிறது. இளம்பாசியில் கராஜீனனின் தரமும் குறைவு. ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை போவது அந்தப் பசைப்பொருள்தான், ஆலை காசு கொடுப்பதும் அதற்குத்தான். ஆனால் யார்டின் கொள்முதல் பதிவேட்டில் தேதி, பெயர், கிலோ, ரூபாய் என்று நான்கு கட்டம்தான் இருந்தது. எத்தனையாம் நாள் பாசி என்ற கட்டம் இல்லை.

ஏன் ஸ்கோர்கார்டு

பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு என்ற முறையை ராபர்ட் காப்லனும் டேவிட் நார்டனும் 1992-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதினார்கள். 1990-ல் 12 நிறுவனங்களோடு தொடங்கிய ஆய்வின் பலன் அது. அதற்கும் முன்பு, 1987-ல், அனலாக் டிவைசஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் ஆர்ட் ஷ்னைடர்மன் என்பவர் இந்த மாதிரி ஓர் அட்டையை நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தார். ஆய்வுக்குழு அங்கிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. பணக்கணக்கு ஏற்கெனவே நடந்து முடிந்ததைச் சொல்கிறது, நடக்கப்போவதைச் சொல்வதற்கு வேறு அளவுகளும் வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். அதனால் நான்கு பக்கமிருந்து பார்க்கச் சொன்னார்கள்: பணம், வாடிக்கையாளர், உள்வேலை, கற்றலும் வளர்ச்சியும்.

நான்கு தலைப்பைப் போட்டுக் கட்டம் கட்டுவது சுலபம். பலர் அதோடு நிறுத்தியும் விடுகிறார்கள். முறையின் உயிர் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. கீழ் வரிசையில் உள்ள ஓர் அளவு மாறினால் மேல் வரிசையில் எது மாறும் என்று அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும். ஆள் கற்றுக்கொண்டால் வேலை சீராகும், வேலை சீரானால் வாங்குபவர் திருப்தியாவார், அவர் திருப்தியானால் பணம் வரும் என்ற சங்கிலியை நம் தொழிலின் சொந்தச் சொற்களில் எழுத வேண்டும். பின்னாளில் இதை வியூக வரைபடம் என்று அவர்கள் விரித்து எழுதினார்கள். அந்தச் சங்கிலி இல்லாத அட்டை வெறும் புள்ளிவிவரப் பட்டியல்தான் என்பது என் உறுதியான கருத்து.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அட்டை போட்டு அளப்பது புதிதல்ல. 2018-ல் நிதி ஆயோக் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தவை இரண்டு, ராமநாதபுரமும் விருதுநகரும். அதில் 49 குறியீடுகள், ஐந்து துறைகள். உடல்நலத்துக்கும் ஊட்டத்துக்கும் 30 சதவீதம், கல்விக்கு 30, விவசாயத்துக்கும் நீர்வளத்துக்கும் 20, நிதிச் சேவைக்கும் திறன் பயிற்சிக்கும் 10, அடிப்படை வசதிக்கு 10 என்று எடை. மாவட்டம் முன்பு நின்ற இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்தும் மாதாமாதம் வரிசை போட்டார்கள். அந்த ஒரு விஷயத்தை இந்த நிறுவனமும் எடுத்துக்கொண்டது. ஓர் உறுப்பினரைப் பக்கத்து மிதவைக்காரரோடு ஒப்பிடாமல், அவருடைய போன சுற்றோடு ஒப்பிடுவது. கரையின் ஒரு பக்கம் நீரோட்டம் நன்றாக இருக்கும், மறுபக்கம் சேறு. இடத்துக்கு இடம் ஒப்பிட்டால் சண்டைதான் மிஞ்சும்.

முப்பதிலிருந்து பதினொன்றுக்கு

முதலில் எழுதிய தாளில் 30-க்கும் மேற்பட்ட அளவுகள் இருந்தன. காரணம் உண்டு. மத்திய அரசின் மீன்வளத் திட்டமான மத்ஸ்ய சம்பதாவின் மானியப் படிவம் ஒன்று கேட்கிறது, வங்கி இன்னொன்று கேட்கிறது, தொண்டு நிறுவனம் வேறொன்று. கேட்டதையெல்லாம் சேர்த்தால் தாள் நிரம்பிவிடும். அங்கிருந்து 11 அளவுகளுக்கு வந்தது ஒரே ஒரு கேள்வியால்: இது மாறினால் மேலே எது மாறும்? அம்பு போட முடியாததெல்லாம் போனது. நடத்திய பயிற்சி முகாம்களின் எண்ணிக்கை போனது. மொத்த உறுப்பினர் எண்ணிக்கையும் போனது. அந்தந்தத் துறைக்கு அனுப்பும் படிவத்தில் அவை தொடரட்டும், இயக்குநர் கூட்டத்தின் நேரத்தைத் தின்ன வேண்டாம் என்று முடிவானது.

பயிற்சி முகாமின் இடத்தில் வந்த அளவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விதை தேர்வு கண்ணும் கையும் சேர்ந்த வேலை. ஒடித்தால் நொறுக்கென்று உடைகிற, நிறம் மங்காத, கிளை விட்ட நுனிதான் விதை. வெளுத்த தண்டு, பிசுபிசுப்பான தண்டு, வேறு பாசி படர்ந்த தண்டு, ஓரா மீன் கடித்துத் தழும்பான தண்டு எல்லாம் காயப்போட. யார்டில் ஒரு குவியலைக் கொட்டி, உறுப்பினரை 20 துண்டு பொறுக்கச் சொல்வார்கள். அனுபவமுள்ள மூத்த அக்கா ஒருவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, ஆகாததைத் தனியே வைப்பார். 18-க்கு மேல் தேறினால் அந்த உறுப்பினருக்கு விதை தேர்வு தெரியும் என்று பொருள். எத்தனை பேர் தேறியிருக்கிறார்கள் என்பதுதான் கற்றல் வரிசையின் முதல் எண். முகாமில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்ற எண்ணோடு இதை வைத்துப் பார்த்தால், முகாம் போட்ட அதிகாரிக்கும் யோசனை வரும்.

உள்வேலை வரிசையில் நான்கு: அறுக்கும்போது மிதவையின் வயது, மறுபடி கட்டிய விதையின் எடை, மிதவைக்கு அடியில் கட்டும் வலை கிழியாமல் இருக்கிறதா, காய்ந்த சரக்கின் ஈரமும் மணலும். அடிவலை விஷயம் வெளியாட்களுக்குப் புதிதாக இருக்கலாம். பழைய மீன்வலையை மிதவைக்குக் கீழே விரித்துக் கட்டாவிட்டால் ஓரா கூட்டம் கீழிருந்து மேய்ந்துவிடும். உடைந்து விழும் துண்டுகளையும் அந்த வலைதான் பிடித்து வைக்கிறது.

ஈரத்துக்கு யார்டில் ஆய்வகக் கருவி இல்லை. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு கிலோ எடுத்து, கறுப்பு பாலிதீன் விரிப்பில் உச்சி வெயிலில் பரப்பி, எடை இறங்குவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப எடைபோடுவார்கள். எவ்வளவு இறங்கியதோ அதுதான் எண். ஆய்வகக் கணக்குக்கு ஈடாகாது, ஆனால் ஒரு மூட்டையை இன்னொரு மூட்டையோடு ஒப்பிடப் போதும். மணலுக்கு இன்னும் சுலபம். சல்லடையில் போட்டு உலுக்கி, கீழே விழுந்ததை நிறுப்பது. மணலில் நேராகக் காயப்போட்ட சரக்குக்கும் வலைப்பரணில் காயப்போட்ட சரக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் தராசில் ஒருமுறை பார்த்த உறுப்பினருக்கு அதற்கு மேல் வகுப்பு தேவைப்படவில்லை.

வாடிக்கையாளர் வரிசையில் ஒரு சிக்கல் வந்தது. உற்பத்தியாளர் நிறுவனத்தில் வாடிக்கையாளர் யார்? ஆலையா, சரக்கு கொண்டுவரும் உறுப்பினரா? உறுப்பினர் பங்குதாரரும்கூட. காப்லனும் நார்டனும் பார்த்த பெரிய கம்பெனிகளில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுந்திருக்காது. கடைசியில் அந்த வரிசையை இரண்டாகப் பிரித்தார்கள். ஆலைப் பக்கத்தில், லாரிக்கு எவ்வளவு எடை கழிக்கப்பட்டது. உறுப்பினர் பக்கத்தில், எடைபோட்ட நாளிலிருந்து பணம் கைக்கு வர எத்தனை நாள். இரண்டாவது எண்ணைச் சுவரில் எழுதியபோதுதான், உறுப்பினர்கள் ஏன் பாதிச் சரக்கைக் கரையில் நிற்கும் தனியார் வியாபாரியிடம் போடுகிறார்கள் என்பது எல்லோர் முன்பும் வெளிப்படையானது. வியாபாரி கிலோவுக்குக் குறைவாகத்தான் தருகிறார். ஆனால் அங்கேயே தருகிறார்.

கலர் நாடா காட்டிய ஜூன் மாதம்

மிதவையின் வயதை எப்படிப் பதிவது என்பதில் ஆரம்பத்தில் தகராறு. வாயால் கேட்டு எழுதினால் எல்லோரும் 45 என்றே சொன்னார்கள். 45 என்பதுதான் சரியான விடை என்று எல்லோருக்கும் தெரியும் அல்லவா? ஒரு எண்ணை இலக்கு என்று அறிவித்துவிட்டால் வாய்மொழிப் பதிவு அந்த எண்ணிலேயே போய் நிற்கும். இது இந்தக் கரைக்கு மட்டும் உரிய குணமல்ல.

வழி சொன்னது யார்டில் எடைபோடும் பையன். வாரத்துக்கு ஒரு கலர் நைலான் துண்டு. விதை கட்டுகிற அன்று அந்த வாரத்துக் கலரை மிதவையின் மூலை மூங்கிலில் முடிந்துவிடுவது. அறுத்துக் கொண்டுவரும்போது அந்தத் துண்டைச் சரக்கோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். படகில் போகிற யாரும் தூரத்திலிருந்தே எந்த மிதவைக்கு எத்தனை வாரம் என்று சொல்லிவிடலாம். யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

கோடை முழுக்கச் சேர்ந்த கலர் துண்டுகளைத் தேதிவாரியாகச் சுவரில் ஆணியடித்து மாட்டியபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பிப்ரவரி, மார்ச்சில் பெரும்பாலும் ஆறு, ஏழு வாரத் துண்டுகள். மே கடைசியிலும் ஜூன் முதல் பாதியிலும் நான்கு வாரத் துண்டுகள் குவிந்திருந்தன.

நிறுவனத்தின் அதுவரையிலான திட்டம், உறுப்பினர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை, 45 நாளின் அருமையை இன்னும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது. சுவரைப் பார்த்ததும் உறுப்பினர் ஒருவர் இயக்குநரிடம் சொன்னார்: "அக்கா, நாங்க தெரியாமயா அறுக்குறோம்? தடைக்காலத்துல வீட்டுல ஒத்த ரூவா வராது. ஸ்கூல் தொறக்குது. புள்ளைக்கு பீஸ் கட்டணும்ல."

அதுதான் விஷயம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் முட்டையிடும் காலம் என்பதால் தேவையான தடைதான், அதில் கரையில் யாருக்கும் பெரிய மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் விசைப்படகில் கூலிக்குப் போகும் குடும்பத்தில் அந்த இரண்டு மாதமும் வரவு நின்றுவிடும். அரசு தரும் தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2023-ல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் வந்தது. அது அரிசி பருப்புக்கு ஆகும். ஜூன் மாதப் பள்ளிச் செலவுக்கு, கடலில் மிதக்கும் பாசியைத் தவிர வேறு கைமுதல் இல்லை. 30-ஆம் நாள் அறுப்பது அறியாமையால் அல்ல, அவசரத்தால். அந்த அவசரத்துக்குக் கொடுக்கும் வட்டி, மிதவைக்கு 100 கிலோ பச்சைப் பாசி.

வியூகம் மாறியது இந்த இடத்தில்தான். விழிப்புணர்வு முகாமுக்கு ஒதுக்கிய தொகையோடு சேமநிதியின் ஒரு பகுதியையும் எடுத்து, நிற்கிற மிதவையின் பேரில் முன்பணம் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மிதவை 30 நாளைத் தாண்டியிருக்க வேண்டும். கலர் துண்டே அதற்குச் சான்று. அன்று அறுத்தால் கிடைக்கக்கூடிய 10 கிலோ காய்ந்த சரக்கின் விலைதான் உச்சவரம்பு. 45-ஆம் நாள் எடைபோடும்போது கழித்துக்கொள்வார்கள். வியாபாரியின் முன்பணத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு: வியாபாரியிடம் வாங்கினால் அவர் சொன்ன விலைக்கே போட்டாக வேண்டும், இங்கே அன்றைய கொள்முதல் விலை.

ஸ்கோர்கார்டின் வேலை எது என்று யாராவது கேட்டால் நான் இந்த நிகழ்வைத்தான் சொல்வேன். ஏற்கெனவே போட்ட திட்டம் நிறைவேறியதா என்று டிக் அடிக்க அது பயன்படும், சரி. திட்டத்துக்கு அடியில் இருக்கும் அனுமானமே தப்பு என்று காட்டியது அதைவிடப் பெரிய வேலை. கற்றலிலிருந்து உள்வேலைக்கு என்று வரைந்திருந்த அம்பு, உண்மையில் பணத்திலிருந்து உள்வேலைக்குக் கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தது. படத்தை அழித்துத் திரும்ப வரைந்தார்கள்.

மாதக் கணக்கா, சுற்றுக் கணக்கா

டென்மார்க் ஆய்வாளர் ஹன்னே நோரெக்லிட் 2000-ல் இந்த முறையின் மீது வைத்த விமர்சனம் ஒன்று உண்டு. காரணம் முதலில் நடக்கும், விளைவு பிறகு வரும்; ஆனால் அட்டையில் இரண்டையும் ஒரே காலக்கட்டத்தில் பக்கம்பக்கமாக எழுதினால் எது எதனால் வந்தது என்று எப்படித் தெரியும் என்பது. நியாயமான கேள்வி. மார்ச் மாதத்து விதைத் தரமும் மார்ச் மாதத்து விற்பனையும் ஒரே தாளில் இருந்தால், அவற்றுக்குள் தொடர்பே இல்லை. மார்ச்சில் விற்றது ஜனவரியில் கட்டிய விதை.

பாசித் தொழிலில் இந்தக் கால இடைவெளி 45 நாள் என்று கையில் இருப்பது வசதி. அதனால் சுவர் அட்டையின் பத்திகளை மாதவாரியாக வைக்காமல், விதை கட்டிய வாரவாரியாக வைத்தார்கள். ஒரு வாரத்தில் கட்டிய விதை தேறியதா, அதே மிதவைகள் எத்தனையாம் நாள் அறுக்கப்பட்டன, அந்தச் சரக்கின் ஈரம் என்ன, அதற்கு ஆலை எவ்வளவு கழித்தது, கடைசியில் மிதவைக்கு நிகரமாக எவ்வளவு நின்றது. ஒரே பத்தியில் கீழிருந்து மேலாகப் படித்தால் ஒரே சரக்கின் வரலாறு. பத்தி நிரம்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். கீழ்க் கட்டங்கள் முதல் வாரத்திலேயே நிரம்பிவிடும், மேலே காலியாக இருக்கும். கீழே மோசமாக இருந்தால் மேலே என்ன வரப்போகிறது என்று ஆறு வாரம் முன்பே பேசிக்கொள்ள முடிந்தது. வங்கிக்கான காலாண்டுக் கணக்கு தனியாக, வழக்கம்போல் போகிறது.

சுழற்சியுள்ள எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும். சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுகிறவர்களுக்கும், உப்பளம் வைத்திருப்பவர்களுக்கும் காலண்டர் மாதம் பெரிய அர்த்தமுள்ள அலகு இல்லை.

கடலுக்கு ஒரு வரிசை

நான்கு வரிசைதான் இருக்க வேண்டும் என்று விதியில்லை. அது ஒரு மாதிரிப் படிவம்தான், தேவைக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளலாம் என்று அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். இங்கே ஐந்தாவதாகக் கடலைச் சேர்த்தார்கள்.

தண்ணீரின் சூட்டை எழுதலாமா என்று விவாதம் நடந்தது. 2013-ஐ ஒட்டி இந்தக் கரை முழுவதும் பாசி கூட்டம் கூட்டமாகச் செத்து உற்பத்தி விழுந்த நினைவு எல்லோருக்கும் இருக்கிறது. சூடு முக்கியம்தான். ஆனால் அது யாருடைய செயல்திறனும் இல்லை. அதனால் சூட்டையும் காற்றையும் குறிப்பாக மட்டும் எழுதிவைத்து, நம் கையில் உள்ளதை அளவாக எடுத்தார்கள்: எச்சரிக்கை வந்த பிறகு எவ்வளவு விதை பத்திரமான இடத்துக்கு மாற்றப்பட்டது. வாடை தொடங்கும் முன் விதைக்கென்று ஒதுக்கிய பாசியின் எடையும் இந்த வரிசையில்தான் வருகிறது. பழைய லாப நட்டக் கணக்கில் இடமே இல்லாமல் போன அந்த 60 கிலோவுக்கு இப்போது ஒரு கட்டம் இருக்கிறது.

இன்னோர் அளவு, காற்றுக்குப் பிறகு கரையில் ஒதுங்கிய துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்களா என்பது. இவர்கள் வளர்க்கும் கப்பாபைகஸ் இந்தக் கடலின் பாசி இல்லை. 1990-களில் மண்டபத்து ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்துப் பார்க்கப்பட்டு, 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் பரப்பியது. இன்றும் கரையில் அதற்குப் பெப்சிப் பாசி என்றுதான் பெயர். 2008 வாக்கில் குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் அது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா இருக்கும் தென்கடலில் இதை வளர்க்க இடமில்லை, இந்தப் பக்கம் வடகடலில் மட்டும். ஒதுங்கிய துண்டைப் பொறுக்குவதால் அந்தச் சுற்றில் ஒரு பைசா வராது. அம்பு போட முடியாத அளவு இது என்று ஓர் இயக்குநர் சொன்னார். போட முடியும். அனுமதி இருந்தால்தான் தொழில். அதோடு, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற இயற்கைக் கடல்பாசிகளைப் பறித்து வாழும் பெண்கள் இதே குடும்பங்களில் இருக்கிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி முங்கிப் பறிப்பவர்கள். பவளப்பாறை செத்தால் அவர்களுக்கும் பாசி இல்லை. இந்த அளவு இருந்தே தீர வேண்டும் என்று நான் வாதாடினேன், இருக்கிறது.

மாறியதும் மாறாததும்

முன்பணத் திட்டம் வந்த அடுத்த ஜூனில் நான்கு வாரக் கலர் துண்டுகள் குறைந்தன, முழுவதும் ஒழியவில்லை. திருமணம், ஆஸ்பத்திரி என்று வரும் செலவுக்கு முன்பணத்தின் உச்சவரம்பு போதவில்லை. ஆலை கழிக்கும் எடை நன்றாகக் குறைந்தது. அதில் வலைப்பரணுக்குப் பெரிய பங்கு. வாடை முடிந்து வெளியிலிருந்து விதை வாங்கும் நிலை அந்த ஆண்டு வரவில்லை.

ஆனால் காலாண்டு விற்பனை, அந்தச் சாதனைக் காலாண்டை விடக் குறைவாகவே இருந்தது. விதையை விற்காவிட்டால் குறையத்தான் செய்யும். கடன் புதுப்பிக்க வந்த வங்கி அதிகாரி இறங்குமுகம் என்று புருவத்தைச் சுருக்கினார். சுவரில் நிற்கும் விதையின் எடையையும், சுற்றுவாரியாக மிதவைக்கு நின்ற நிகர வரவையும் இயக்குநர்களே அவருக்கு விளக்கினார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற பெண் ஒருவர் அம்புக்குறி மேல் விரல் வைத்து, இது குறைந்ததால் அது கூடியிருக்கிறது சார், என்று சொன்னதைக் கேட்டேன். கடன் புதுப்பிக்கப்பட்டது.

பரிசுத் தொகையை இந்த எண்களோடு இணைக்க வேண்டும் என்று யார்டு மேற்பார்வையாளர் கேட்டார். இயக்குநர்கள் மறுத்துவிட்டார்கள், என் கருத்தும் அதுவே. கலர் துண்டு இன்று உண்மை பேசுகிறது, அதை மறைப்பதால் யாருக்கும் லாபமில்லை என்பதால். அதன் தலையில் பரிசை வைத்தால் பழைய துண்டை எடுத்துப் புது மிதவையில் முடிவதற்கு அதிக நாள் ஆகாது.

ஒரே ஆலையை நம்பியிருப்பது மாறவில்லை. விலையை அங்கேதான் தீர்மானிக்கிறார்கள். பச்சைப் பாசியைப் பிழிந்து எடுக்கும் சாறு பயிர் ஊக்கியாக விற்கிறது. பிழிந்த சக்கையிலிருந்து கராஜீனனும் எடுக்கலாம். 2023-ல் அடிக்கல் நாட்டிய வளமாவூர் கடல்பாசிப் பூங்காவை வைத்து, பச்சையாகவே வாங்கும் ஆட்கள் பெருகுவார்கள் என்று இயக்குநர்கள் கணக்குப் போடுகிறார்கள். பச்சையாகக் கொடுத்தால் காயவைக்கும் வேலை இல்லை, மழை பயம் இல்லை, பணமும் சீக்கிரம் வரும். ஆனால் அறுத்த பாசி வெயிலில் கிடந்தால் சில மணி நேரத்தில் கெட ஆரம்பிக்கும். அப்படி மாறினால் ஈரம், மணல் கட்டங்கள் இரண்டும் அட்டையிலிருந்து போய், அறுத்து எத்தனை மணி நேரத்தில் வண்டியில் ஏறியது என்ற கட்டம் வர வேண்டும். விதைக் கட்டத்துக்கு மட்டும் கை வைப்பதில்லை என்று ஏற்கெனவே தீர்மானம் எழுதிவிட்டார்கள். மீதிப் படத்தை எப்படி வரைவது என்பது அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போகிறது.